வீரத்தின் நடுவே விதூஷகன்

அமெரிக்க நாட்டின் மேற்குப் பகுதியில் மாட்டு மந்தைகளை நூற்றுக்கணக்கான மைல் தூரம் ஓட்டிச் சென்று ரயிலடியில் சேர்த்துப் பிழைத்தவர்களுடைய வாழ்க்கை, உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்த பிறகு தழைக்கத் தொடங்கி, திறந்த வெளிகளெல்லாம் முள்கம்பி வேலிகளால் அடைபட்டு, குடியேற்றத்தின் எல்லைக்கோடு என்று ஒன்றை இனி வரைய இயலாது என்று 1890ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்மேல் எழுந்த அறிக்கை கூறிய காலத்திற்குள் ஏறக்குறைய முடிந்தே போயிற்று. கால் நூற்றாண்டே நீடித்த அந்தச் சிறிய காலத்தை மூலதனமாக வைத்துக்கொண்டு, 1903இல் வெளிவந்த 'தி கிரேட் டிரெயின் ராபரி' என்னும் ரயில் கொள்ளைப் படம் தொடங்கி, அமெரிக்கத் திரையுலகம் அரை நூற்றாண்டுக்கு மேல் ஓயாமல் கதை சொல்லிற்று. புழுதி படிந்த ஒற்றைத் தெரு, இருமருங்கும் மரப்பலகை வீடுகள், மதுக்கடையின் ஊசலாடும் கதவு, நெஞ்சில் நட்சத்திரச் சின்னம் அணிந்த ஷெரிஃப், உச்சி வெயிலில் எதிரெதிரே நின்று யார் முதலில் துப்பாக்கியை உருவுவது என்று பார்க்கும் இரண்டு வீரர்கள் என்று இவை அனைத்தும், நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகையைப் போல, மாற்ற முடியாத சம்பிரதாயங்களாக நிலைத்துவிட்டன.

அந்த வீரப் படங்களுள் 'ஹை நூன்', 'ஷேன்' போன்ற சில சிகரங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன என்பது மெய்யே. ஆயினும் ஆண்டுதோறும் டஜன் கணக்கில் எடுக்கப்பட்ட மற்றவற்றை இன்று தேடிப் பார்ப்பவர் ஆராய்ச்சியாளரும் பழைய ரசிகரும் தவிர வேறு எவரும் இலர். ஆனால் அதே தெருவில், அதே குதிரைகளின் மத்தியில் எடுக்கப்பட்ட ஹாஸ்யப் படங்கள் சில, எண்பது தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னும், அந்த நாட்டையே பார்த்திராத ஜனங்களையும் வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கின்றன. பரிகாசம் செய்யப்படும் பொருள் மறைந்தால் பரிகாசமும் உடன் மறைவதுதான் இயல்பு. அரசியல்வாதிகளைப் பற்றிய நேற்றைய கேலிச்சித்திரம் இன்று விளங்குவதில்லை. அங்ஙனமிருக்க, இந்தப் படங்கள் மட்டும் எப்படிப் பிழைத்தன? அவற்றுள் சிறந்தவை மேற்கைப் பரிகாசம் செய்ய வந்தவை அல்ல என்பதே என் துணிபு. அவை அந்த உலகத்தின் ஆபத்தை ஆபத்தாகவே இருக்கவிட்டு, அதன் நட்ட நடுவில், அஞ்சுவதற்கு நாணாத ஒரு சாதாரண மனிதனைக் கொண்டுவந்து நிறுத்தின. குண்டு மெய்யான குண்டு. பயமும் மெய்யான பயம். அதனால் பிறக்கும் சிரிப்பும் மெய்யாக இருக்கிறது.

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்திருக்கிறார். பிறரை இகழ்ந்து பிறக்கும் சிரிப்பு அந்த நான்கில் ஒன்றே ஒன்றுதான். எஞ்சிய மூன்றும் சிரிக்கப்படுகிறவனிடத்தில் நமக்கு ஒரு வாஞ்சையை உண்டாக்குபவை. குதிரைமேல் ஏறிய விதூஷகர்களுள் காலத்தை வென்றவர்கள் பெரும்பாலும் அந்த மூன்றின் பக்கத்தைச் சேர்ந்தவர்கள் என்பதைப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம்.

பஸ்டர் கீட்டன் 1925இல் தாமே இயக்கி நடித்த 'கோ வெஸ்ட்' என்ற மௌனப் படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். முகத்தில் ஒருபோதும் சிரிப்பே தோன்றாத நடிகர் என்று உலகப் பிரசித்தி பெற்றிருந்த கீட்டன், இப்படத்தில் 'நண்பனற்றவன்' என்பதையே பெயராகக் கொண்ட ஓர் அநாதை இளைஞனாக வந்து, பிழைப்புத் தேடி மேற்கே சென்று, மாடுகளைப் பற்றி ஏதுமறியாமலே ஒரு மாட்டுப் பண்ணையில் வேலைக்கு அமர்கிறார். குளம்பில் கல் சிக்கி நொண்டிக்கொண்டிருந்த ஒரு பசுவுக்கு அவர் அந்தக் கல்லை எடுத்துவிட, காளை ஒன்று அவரை முட்ட வரும்போது அந்தப் பசு குறுக்கே வந்து காப்பாற்ற, அன்று முதல் இருவரும் இணைபிரியாத தோழர்களாகி விடுகிறார்கள். அந்தப் பசுவுக்குக் கொம்பு இல்லை என்று கண்டு, மற்ற மாடுகளுக்கு நடுவே அது தற்காத்துக்கொள்ளட்டும் என்று, மான் கொம்பு ஒன்றைக் கொண்டுவந்து அதன் தலையில் கட்டுகிறார். பண்ணையின் அடையாளத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் அதன் உடம்பில் சூடுபோட வேண்டும் என்ற கட்டளை வந்தபோதோ, மனம் பொறாமல், சோப்பு நுரையைக் குழைத்துத் தடவி, சவரக் கத்தியால் அந்த அடையாளத்தின் வடிவத்தில் ரோமத்தை மட்டும் வழித்துவிடுகிறார். அந்தக் காட்சியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். தாம் ஒரு வேடிக்கை செய்கிறோம் என்ற எண்ணத்தின் நிழல்கூட அதில் இல்லை. ஒரு குழந்தைக்கு முதல் முடி இறக்கும் நாவிதருடைய கவனம்தான் இருக்கிறது.

சீட்டாட்டக் காட்சி ஒன்றும் இப்படத்தில் உண்டு. ஏமாற்றுகிறாய் என்று கீட்டன் குற்றஞ்சாட்ட, எதிரி துப்பாக்கியை நீட்டி, அந்த வார்த்தையைச் சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும் என்று மிரட்டுகிறான். இது ஓவன் விஸ்டர் 1902இல் எழுதிய 'தி வர்ஜீனியன்' என்ற நாவலால் அமெரிக்கர் யாவருக்கும் மனப்பாடமாகிவிட்ட வீர வசனம். சிரிக்கவே தெரியாத மனிதனை உயிருக்குப் பணயமாகச் சிரிக்கச் சொன்னால் அவன் என்ன செய்வான்? கீட்டன் இரண்டு விரல்களை உதட்டோரங்களில் வைத்து மேலே தூக்கிக் காட்டுகிறார். அந்த நாவலை அறியாதவனுக்கும் இக்காட்சி விளங்குகிறது. ஏனெனில் மேலதிகாரி முன்போ பந்தியிலோ, சிரிக்கும் நிலையில் இல்லாதபோது சிரித்தாக வேண்டிய நிர்ப்பந்தம் எல்லோருக்கும் நேர்ந்திருக்கிறது. பிறகு மந்தை முழுவதும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தெருக்களில் புகுந்து கடைகளுக்குள்ளெல்லாம் நுழைய, அவற்றை ஈர்த்து அழைத்துச் செல்வதற்காகச் சிவப்பு நிறப் பிசாசு வேஷத்தை மாட்டிக்கொண்டு கீட்டன் முன்னே ஓடுகிறார். அவை உண்மையான மாடுகள், உண்மையான தெருக்கள். இறுதியில் பண்ணைக்காரர் எது வேண்டுமோ கேள் என்று சொல்ல, அவருடைய மகளைக் கேட்கப்போகிறான் என்று எல்லோரும் எதிர்பார்த்து நிற்கையில், கீட்டன் கேட்பது பசுவை!

லாரல், ஹார்டி என்னும் இரட்டையர் 1937இல் நடித்த 'வே அவுட் வெஸ்ட்' இதற்கு முற்றிலும் மாறான சுபாவம் உடையது. இறந்துபோன ஒருவருடைய தங்கச் சுரங்கப் பத்திரத்தை அவர் மகளிடம் சேர்ப்பதற்காக, ஒரு கோவேறு கழுதையை ஓட்டிக்கொண்டு வரும் இவ்விருவரும், மதுக்கடைச் சொந்தக்காரன் சூழ்ச்சியால் அதை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டு, திரும்பப் பெற முயன்று படும் பாடே கதை. கதை ஒரு பொருட்டன்று. மதுக்கடை வாசற்படிகளில் அமர்ந்து நால்வர் பாடிக்கொண்டிருக்க, அப்பாட்டுக்கு முதலில் ஒரு கால் தாளம் போட்டு, பிறகு தோள் அசைந்து, பிறகு இருவரும் தங்களை மறந்து ஆடத் தொடங்குகிறார்களே, அந்த இரண்டொரு நிமிஷ நடனத்தைப் போன்ற நிஷ்களங்கமான ஆனந்தத்தைத் திரைப்படத்தில் நான் அதிகம் கண்டதில்லை. பருத்த சரீரம் படைத்த ஹார்டியின் பாதங்கள் அவ்வளவு மிருதுவாகத் தரையைத் தொடும் என்று யார் எண்ணுவார்கள்! அந்த நடனத்தால் கதை அணுவளவும் நகர்வதில்லை. நகர வேண்டிய அவசியமும் இல்லை.

பத்திரத்தை மீட்காவிட்டால் உன் தொப்பியைத் தின்கிறேன் என்று லாரல் ஒரு வார்த்தை விட்டுவிட, மீட்க முடியாதபோது, சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று ஹார்டி வற்புறுத்துகிறார். லாரல் கண்ணீர் வடித்துக்கொண்டே தொப்பியின் ஓரத்தைக் கடிக்கிறார், மெல்லுகிறார், சற்று நேரத்தில் கண்ணீர் நின்றுவிடுகிறது, கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, உப்பையும் தூவிக்கொண்டு ரசித்துச் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார். அதைக் கண்ட ஹார்டிக்கும் ஆசை வந்து, யாரும் பாராதபோது தாமும் ஒரு கடி கடித்துப் பார்க்கிறார். பிறர் அறிவுறுத்தியதைப் பற்றிக்கொண்டு விடாதிருத்தலே மடன் என்று உரையாசிரியர் சொன்னதற்கு இதைவிடத் தக்க உதாரணம் எங்கே கிடைக்கும்? இப்படத்தில் இருவரும் பாடிய 'தி டிரெயில் ஆஃப் தி லோன்சம் பைன்' என்ற பாட்டு, ஹார்டி 1957இலும் லாரல் 1965இலும் மறைந்த பின்பு, 1975இல் பிரிட்டனில் இசைத்தட்டாக வெளிவந்து விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

மார்க்ஸ் சகோதரர்கள் என்னும் நகைச்சுவை நடிகர்களும் 1940இல் ஒரு படத்தில் மேற்கே போனார்கள். ஓடும் ரயிலின் கொதிகலனுக்கு விறகு போதாமல் அந்த ரயிலின் பெட்டிகளையே வெட்டி வெட்டி அடுப்பில் போடும் கடைசிப் பகுதியைத் தவிர அப்படத்தில் சொல்லிக்கொள்ளத்தக்கது அதிகம் இல்லை. அவர்களுடைய நகைச்சுவை பட்டணத்துச் சபைகளின் போலிக் கௌரவத்தை உடைப்பதற்கென்று பிறந்தது; உடைக்கப் போலிக் கௌரவமே இல்லாத பாலைவனத்தில் அதற்கு வேலை இல்லாமல் போயிற்று.

பாப் ஹோப் 1948இல் நடித்த 'தி பேல்ஃபேஸ்' வேறு வகை. அவர் ஒரு பல் வைத்தியர், பரம கோழை. ஜேன் ரஸ்ஸல் நடித்த கலாமிட்டி ஜேன் என்ற வீராங்கனை மறைவில் நின்று சுட்டு வீழ்த்த, அத்தனையும் தம் கைவரிசை என்று அவரே நம்பிவிடுகிறார். துப்பாக்கிச் சண்டைக்குப் புறப்படும்போது ஊரார் ஒருவர் பின் ஒருவராக வந்து, எதிரி இப்படி உருவுவான், நீ அப்படிச் சாய், காற்று கிழக்கே இருந்து வீசுகிறது, அவன் குனிந்து சுடுவான், நீ நுனிக்காலில் நில் என்றெல்லாம் சொல்லிவிட்டுப் போக, அவற்றையெல்லாம் மனனம் செய்ய முயன்று ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டு அவர் நடந்து செல்லும் காட்சி, பரீட்சை மண்டபத்து வாசலில் நின்ற அனுபவம் உள்ள எவருக்கும் மறக்காது. 'பட்டன்ஸ் அண்ட் போஸ்' என்ற பாட்டுக்கு ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் இப்படத்தில் வரும் பூர்வகுடி மக்கள், மண்ணின் மைந்தர்களாக அன்றி, சுடப்பட்டு விழுவதற்கும் நகைப்பதற்கும் உரிய பொம்மைகளாகவே காட்டப்படுகிறார்கள். நிலத்தை இழந்த ஒரு ஜனசமூகத்தை, இழக்கச் செய்தவர்களின் பிள்ளைகள் சிரிப்பதற்காக இப்படிச் சித்திரித்தது நெஞ்சை உறுத்துகிறது. அந்தக் காலத்து வீரப் படங்களிலும் ஹாஸ்யப் படங்களிலும் பரவலாக இருந்த பெருங்குறை இது. பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்கும் பெரியவர்கள் இதைச் சொல்லிவிட்டுக் காட்டுவது நலம்.

நான் எல்லாவற்றினும் மேலாக மதிப்பது, ஜார்ஜ் மார்ஷல் இயக்கி 1939இல் வெளிவந்த 'டெஸ்ட்ரி ரைட்ஸ் அகெய்ன்'. பாட்டில்நெக் என்ற ஊரைக் கைக்குள் போட்டுக்கொண்ட கயவர்கள், ஊர்க் குடிகாரர் ஒருவரை விளையாட்டாக ஷெரிஃப் பதவியில் அமர்த்துகிறார்கள். அவரோ அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாமல், குடியை விட்டுவிட்டு, புகழ்பெற்ற வீரர் ஒருவருடைய மகனான டெஸ்ட்ரியைத் துணைக்கு அழைக்கிறார். ஊர் முழுவதும் வீரனைக் காணத் திரண்டு நிற்க, வண்டியிலிருந்து இறங்கும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் ஒரு கையில் ஒரு சீமாட்டியின் குடை, மறு கையில் பறவைக் கூண்டு! இடுப்பில் துப்பாக்கி இல்லை. அவர் அதை அணிவதில்லை. அவருடைய தந்தை துப்பாக்கியுடன் இருந்தும் முதுகில் சுடப்பட்டே இறந்தார். சண்டைக்கு வருபவனிடம் அவர் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறார். ஓய்ந்த நேரத்தில் மரத்தைச் செதுக்கி வளையம் செய்கிறார். மதுக்கடையில் இரண்டு பெண்கள் கட்டிப் புரண்டு சண்டையிடும்போது ஒரு வாளித் தண்ணீரை அவர்கள் தலையில் கொட்டுகிறார். அவருக்குச் சுடத் தெரியாது என்று ஊரார் நகைக்க, இரவல் துப்பாக்கியை வாங்கிப் பெயர்ப்பலகையின் அலங்காரக் குமிழ்களை ஒன்று விடாமல் சுட்டு வீழ்த்திவிட்டு, அமைதியாகத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஆக, இவர் ஏலாதவர் அல்லர். வேண்டாம் என்று வைத்தவர்.

சட்டத்தைத் துப்பாக்கி இன்றி நிலைநாட்ட முடியுமா என்ற அந்தப் பெரிய வினாவை ஹாஸ்யத்தின் உடுப்பை அணிவித்துக் கொண்டுவந்த இந்தப் படம், விடையில் பொய் சொல்லவில்லை. அந்த முதிய ஷெரிஃப் முதுகில் சுடப்பட்டு இறக்கிறார். டெஸ்ட்ரியும் தந்தையின் துப்பாக்கிகளை எடுத்து மாட்டிக்கொள்கிறார். கடைசிச் சண்டையைத் தடுத்து நிறுத்த ஊர்ப் பெண்கள் கையில் கிடைத்ததை ஏந்தி அணியாக வந்து புகுகிறார்கள். டெஸ்ட்ரிக்கு வந்த குண்டை, மார்லின் டீட்ரிச் நடித்த மதுக்கடைப் பாடகி தன் மேல் ஏற்று மாள்கிறாள். அதுவரை சிரித்தவர்கள் அந்த இடத்தில் அழுவதற்குக் காரணம், அந்த ஊர் முதலிலிருந்தே மெய்யான ஊராக இருந்ததுதான். முந்தைய ஆண்டில் வசூலுக்கு விஷம் என்று திரையரங்க முதலாளிகளால் தூற்றப்பட்டிருந்த டீட்ரிச், இந்த ஒரு படத்தால் மறுவாழ்வு பெற்றார்.

அறுபதுகளில் இந்த மரபு மீண்டும் துளிர்த்தது. 'கேட் பல்லூ'வில் (1965) லீ மார்வின், வெள்ளி மூக்கு வைத்த கொலைகாரனாகவும், குடியால் கெட்ட பழைய வீரனாகவும் இரட்டை வேஷம் பூண்டார். குடிக்காதபோது கை நடுங்கி எதிரே உள்ளதையும் சுட முடியாமல், ஒரு மடக்குக் குடித்ததும் குறி தவறாமல் சுட்டு, இன்னொரு மடக்கில் சுருண்டு விழும் அந்த வீரன், சுவரில் சாய்ந்து கால்களைப் பின்னிக்கொண்டு நிற்கும் குதிரைமேல் அமர்ந்திருக்கும் தோற்றம் மிகப் பிரபலம். சிறந்த நடிகருக்கான ஆஸ்காரைப் பெற்றுக்கொண்ட மேடையில், இதில் பாதி சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு குதிரைக்குச் சேர வேண்டும் என்றார் மார்வின். 1969இல் ஜேம்ஸ் கார்னர் நடித்த 'சப்போர்ட் யுவர் லோக்கல் ஷெரிஃப்' படத்திலோ, சிறைக்கு இரும்புக் கம்பிகள் இன்னும் வந்து சேராததால், தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கொஞ்சம் சிவப்புச் சாயத்தையும் சிந்திவிட்டுக் கைதியை உள்ளே உட்கார வைக்கிறார் ஷெரிஃப். கைதி அந்தக் கோட்டைத் தாண்டத் துணிவதில்லை. தம் முகத்துக்கு நேரே நீட்டிய துப்பாக்கியின் குழாயில் ஷெரிஃப் விரலை விட்டு அடைப்பதும் இப்படத்தில்தான்.

மெல் புரூக்ஸ் 1974இல் எடுத்த 'பிளேசிங் சாடில்ஸ்' எள்ளலின் பக்கத்தைச் சேர்ந்தது; வசனங்கள் பல இடங்களில் கூசும்படி இருக்கும்; குடும்பத்தோடு பார்ப்பதற்கு உரியதன்று. ஆயினும் அதன் எள்ளல் இலக்குத் தவறவில்லை. ஒரு வெள்ளையர் ஊருக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் ஷெரிஃபாக வருகிறார். வரவேற்க மேடை போட்டவர்களே அவரைக் கண்டதும் துப்பாக்கிகளை நீட்டுகிறார்கள். கிளீவன் லிட்டில் நடித்த அந்த ஷெரிஃப், தம் துப்பாக்கியைத் தம் தலையிலேயே வைத்துக்கொண்டு, எவனாவது அசைந்தால் இந்த ஆளைச் சுட்டுவிடுவேன் என்று தம்மையே பிணையாகப் பிடித்துக்கொண்டு தப்புகிறார். மாட்டு மந்தைகளை ஓட்டியவர்களில் கறுப்பினத்தவர் பலர் இருந்தும் வீரப் படங்கள் அவர்களை அடியோடு மறைத்திருந்தன என்ற சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, அந்தச் சிரிப்பில் ஒரு நியாயத்தின் சூடும் தெரியும். திரைக்கதையை எழுதியவர்களுள் ரிச்சர்ட் பிரையர் என்னும் கறுப்பின நகைச்சுவைக் கலைஞரும் ஒருவர்.

இத்தாலியர்கள் இந்த வகையைத் தங்கள் சொந்தமாகவே ஆக்கிக்கொண்டார்கள். 1970இல் என்ஸோ பார்போனி இயக்கிய 'தே கால் மீ டிரினிட்டி'யில், குதிரை இழுத்துச் செல்லும் கழிகளில் கட்டிய படுக்கையில் சுகமாகப் படுத்தபடியே அறிமுகமாகும் டெரன்ஸ் ஹில், வழியில் ஒரு சட்டி அவரைப் பருப்பை ரொட்டியால் துடைத்துத் துடைத்து முழுவதும் காலி செய்கிறார். அவருடைய அண்ணனாக நடித்த பட் ஸ்பென்சரின் இயற்பெயர் கார்லோ பெதர்சோலி. 100 மீட்டர் நீச்சலை ஒரு நிமிஷத்துக்குள் முடித்த முதல் இத்தாலியர். 1952, 1956 ஒலிம்பிக் பந்தயங்களில் கலந்துகொண்டவர். இவ்விருவரின் சண்டைகளில் அறைகள் இடியாக விழுகின்றன, சாவு அபூர்வம். ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்டில் 2017இல் ஸ்பென்சருக்குச் சிலையே வைத்தார்கள்.

நம் தமிழ்நாட்டுக்கும் இந்த மரபோடு தொடர்பு உண்டு. இயக்குநர் கர்ணன் எழுபதுகளின் தொடக்கத்தில் ஜெய்சங்கரைக் குதிரைமேல் ஏற்றி 'காலம் வெல்லும்', 'கங்கா', 'ஜக்கம்மா' முதலிய படங்களை எடுத்தார். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946இல் படைத்து, பின்னர் கோசினி கதை எழுதிய லக்கி லூக் என்னும் வேடிக்கைக் கௌபாயைச் சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ் தமிழ் பேச வைத்தது. நிழலைவிட வேகமாகச் சுடும் அந்த வீரனையும், உயரத்தில் படிக்கட்டுப்போல நிற்கும் டால்டன் சகோதரர்களையும் படித்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, அரிஸோனாவின் மேட்டையும் டெக்ஸாஸின் புழுதியையும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சிம்புதேவன் 2010இல் 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' என்ற கௌபாய் ஹாஸ்யப் படத்தை எடுத்தபோது அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்குச் சம்பிரதாயங்கள் அனைத்தும் முன்கூட்டியே தெரிந்திருந்தன.

மூலப் படங்களைப் பார்க்க விரும்பும் குடும்பத்தினர் கீட்டனிலிருந்து தொடங்குவது உத்தமம். அது மௌனப் படம். இடையிடையே வரும் எழுத்துகளும் சிலவே. பசுவையும் மனிதனையும் அறிந்த குழந்தைக்கு அதில் விளங்காதது ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் லாரலையும் ஹார்டியையும் வைத்துக்கொள்ளலாம். டெஸ்ட்ரியை மட்டும், பிள்ளைகள் சற்று வளர்ந்து, ஒரு மனிதன் கையில் ஆயுதம் இருந்தும் ஏன் எடுக்காமல் இருக்கிறான் என்று தாமே கேட்கும் வயது வரும்வரை எடுத்து வைத்திருங்கள்.